நாக்கில் வைத்தது கணக்கில்லை

இரண்டாவது தடவையும் அய்யாதுரையின் இரத்தம் வெள்ளையாகத்தான் நின்றது.

எடுக்கும்போது எல்லார் இரத்தமும் போலச் சிவப்புத்தான். இயந்திரத்தில் வைத்துப் பத்து நிமிடம் சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் இறங்கி, மேலே இளமஞ்சளாய் ஒரு நீர் தெளிய வேண்டும். அய்யாதுரையின் குழாயில் தெளியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. காலைல என்ன சாப்ட்டீங்க?" என்றாள் சரண்யா.

அடையாறில் இருந்த அந்தச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையத்தில் இரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசி போகும் இடம் தெரியாமல் குத்துவாள். அவளைப் பற்றி அய்யாதுரைக்கு நல்ல எண்ணம்தான். இந்தக் கேள்வி வரும்வரை.

"பச்சத் தண்ணி குடிக்கலம்மா. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு தோசை. அதுக்கப்புறம் எச்சியக்கூட முழுங்காம வந்திருக்கேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் அதான் நெசம்."

சரண்யா குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஜெயஸ்ரீ வந்தார். நரைத்த முடியை இழுத்து முடிந்த, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத அம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அய்யாதுரை, கோவிச்சுக்காதீங்கோ. ஒரு நாள் வெறும் சர்க்கரைத் தண்ணி குடுப்போம், இன்னொரு நாள் அதுலயே நெய் கலந்து குடுப்போம். ரெண்டு நாளும் உங்க கணையம் எவ்வளவு இன்சுலின் விடறதுன்னு பாக்கணும். இதான் ஆராய்ச்சியே. வர்றப்பவே இரத்தத்துல கொழுப்போட வந்தா, நான் குடுத்த நெய் என்ன பண்ணித்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? முதல்ல சேரும்போது எடுத்தோமே, அன்னிக்கு உங்க ரத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதனால வியாதி இல்லை. சாப்பிட்டிருக்கீங்க."

"நான் பொய் சொல்லுதேன்னு எழுதப் போறீங்களா?"

"அப்படி எழுத மாட்டேன். விதிப்படி வரலைன்னு எழுதுவேன். ரெண்டு தடவை ஆயிடுத்து. வேற ஆளைச் சேத்துக்கணும்."

அய்யாதுரை எழுந்தான். ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருடம் தி.நகரில் ஒரே பட்சணக் கடையில் சரக்கு மாஸ்டர். மைசூர்பாகு, நெய் முறுக்கு, லட்டு எல்லாம் அவன் சட்டியில் இருந்துதான் இறங்கும். அடுப்புச் சூட்டில் முன்கை முடி எல்லாம் பொசுங்கி, கை வழுவழுவென்றிருக்கும். பொய்யன் என்று இதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. இந்த அம்மாளும் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவன் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஒன்றில் ஆரம்பித்து மூன்றில் நிற்கிறது. தெருமுனை டாக்டர் போன மாதம் சீட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே மாத்திரை கேக்காதுப்பா. மூணு மாசம் பாப்போம், இல்லைன்னா ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். நந்தனத்தில் நடந்த முகாமில் சரண்யாதான் சொன்னாள், இதில் சேர்ந்தால் கணையம் சொந்தமாக இன்னும் எவ்வளவு இன்சுலின் விடுகிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பார்கள் என்று. அந்தக் காகிதம் வேண்டும் அவனுக்கு. உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று யாராவது பெரிய டாக்டர் எழுதித் தந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாம்.

ஊசி வலிக்கும் என்று பயப்படுகிற ஆள் இல்லை. கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் துடைத்துவிட்டு வேலை பார்க்கிறவனுக்கு ஊசி என்ன செய்யும்? பயம் முருகனைப் பார்த்துத்தான்.

முருகன் அவனோடு பக்கத்துச் சட்டியில் நின்றவன். மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தான். ஒன்பது மணி வாக்கில் கண் இருட்டி விழுந்தான். இடது கை முழங்கை வரைக்கும் எண்ணெயில். கடை முதலாளி கனகராஜ் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்தார். வேலையை விட்டும் அனுப்பவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்: ஊசி போடுகிறவன் அடுப்படிக்கு வரக் கூடாது. இப்போது முருகன் கடைக்குப் பின்னால் குடோனில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறான், ஒரு கையால். சுருண்டுபோன இன்னொரு கையால் டப்பாவை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். நெய் டின் எடுக்க அய்யாதுரை தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

மையத்தின் வாசல் கேட்டைத் தாண்டும்போது சரண்யா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணா, நில்லுங்க. ஒரு விஷயம். உங்க கையில ரப்பர் கட்டுறப்போ உங்க விரல்ல நெய் வாசம் வந்துச்சு. நேரா வேலையிலேருந்துதானே வர்றீங்க?"

"ஆமா. நாலு மணிக்கு அடுப்பு பத்த வச்சு, ஏழரைக்குக் கெளம்பி, நின்னுக்கிட்டே பஸ்ஸுல வாறேன்."

"சேர்றப்போ முதல்ல ரத்தம் எடுத்தோமே, அன்னிக்கு?"

"அன்னிக்கு செவ்வாக்கெழம. எனக்கு லீவு."

சரண்யா விடவில்லை. "சரி, இன்னிக்கு நாலு மணியிலேர்ந்து ஏழரை வரைக்கும் என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னத்த பண்ணுவேன்? நெய்ய உருக்குனேன். பாகு ஏத்துனேன். மாவு தூவிக் கிண்டுனேன். பதம் பாத்து எறக்குனேன். முறுக்குக்கு மாவு பெசைஞ்சேன், உப்பு பாத்தேன், பிழிஞ்சேன், வெந்துதான்னு பாத்தேன்."

"பதம் பாத்தேன்னா? கண்ணாலயா?"

"கண்ணால பாத்தா பதம் தெரியுமா? நாக்குல வச்சுத்தான்."

"அப்ப சாப்ட்டிருக்கீங்க."

"ஏம்மா, நாக்குல வைக்கிறது சாப்பாடா?" அவனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "அது வேலம்மா. தச்சன் இழைச்ச பலகையத் தடவிப் பாக்கான், அதுமாரி. பசிச்சா திங்கிறது? எனக்கு ஸ்வீட்டப் பாத்தாலே குமட்டும். வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டு போனதில்ல, எம் பொஞ்சாதிகிட்ட வேணா கேட்டுப் பாரு."

சரண்யா வாதாடவில்லை. உள்ளே போய் அகலமாய், மூடி போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள். வாய்க்கு எதெல்லாம் போகுமோ, அத வாயில வைக்காம இதுல போடுங்க. ஏழரை மணி வரைக்கும். அப்புறம் என்கிட்ட கொண்டாந்து குடுங்க."

அய்யாதுரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் கோடு கோடாய் அளவு போட்டிருந்தது. "இது மூத்திரம் புடிக்கிற டப்பால்லா?"

"புதுசுண்ணா. கவர் இப்பதான் பிரிச்சேன்."

"நெய் முறுக்க மூத்திர டப்பாவுல போடச் சொல்லுத."

"நீங்க பொய் சொல்லலன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லணும்ல? கையில எதாவது இருந்தாத்தானே சொல்ல முடியும்."

அந்த ஒரு பேச்சுக்காக வாங்கி பைக்குள் போட்டுக்கொண்டான்.

*

பட்டறை, கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். கீழே கவுண்டரில் தட்டு காலியானால் பெல்லை அமுக்குவார்கள். மேலே சுவரில் மணி அடிக்கும். என்ன சரக்கு என்று கேட்டுக் கயிற்றுக் கூடையில் இறக்குவார்கள். நான்கு சட்டி, ஏழு ஆள், ஒரே ஜன்னல். அந்த ஜன்னலிலும் புகைபோக்கிக் குழாய்.

டப்பாவை மேடை ஓரத்தில் வைத்ததும் முதலில் பார்த்தவள் தாயம்மா. பாத்திரம் தேய்ப்பதும் தட்டு துடைப்பதும் மாவு சலிப்பதும் அவள்தான். ராயப்பேட்டைக்காரி. பட்டறையில் அய்யாதுரையை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள்.

"இன்னா மாஸ்டரே, ஆஸ்பத்திரி டப்பா கீது? ஒன்னுக்குப் போவக்கூட கீழ எறங்க மாட்டியா இனிமே?"

"ஒன் வேலையப் பாரு தாயம்மா."

"என் வேலையத்தான் பாக்குறேன். கழுவுறது நான்தானே!"

பட்டறையே சிரித்தது. அய்யாதுரை நெய் டின்னைத் திறந்தான். உருகின நெய்யில் கரண்டியை முக்கி ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தான். அப்புறம்தான் தெரிந்தது, நக்கிவிட்டான். அடுப்பே இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, அதற்குள் ஒன்று.

சரி, இனிமேல் ஜாக்கிரதை என்று பாகை ஏற்றினான். கடலை மாவைத் தூவி, நெய்யை ஊற்றி ஊற்றிக் கிண்டி, சட்டி பொங்கி வரும்போது ஓரத்தில் ஒரு விள்ளல் எடுத்தான். கை தானாக வாய்க்குப் போனது. உதட்டில் படும்போது இழுத்து டப்பாவில் போட்டான். அடுத்த விள்ளல், தட்டில் கொட்டினதும். அதற்கடுத்தது, ஆறி இறுகினதும். ஒரு சட்டி சரக்குதான் ஒரு ஈடு; ஈட்டுக்கு மூன்று. பக்கத்துச் சட்டியில் முறுக்கு. மாவில் ஒரு கிள்ளு, முதல் முறுக்கில் ஒரு முனை, நடுவில் ஒரு முனை. கையைத் தடுப்பதுதான் வேலையாகப் போயிற்று. அந்தக் கை அவன் பேச்சைக் கேட்கவே இல்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், மூக்கு அரித்தால் சொறிவது போல. ஏழரை மணிக்குள் நான்கு தடவை ஏமாற்றி வாய்க்குள் போய்விட்டது. மற்றதெல்லாம் டப்பாவில்.

ஏழரைக்கு மூடப் போனபோதுதான் டப்பாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

விளிம்புக்கு நாலு விரல் கீழே வரைக்கும் நிறைந்திருந்தது. மஞ்சள் விள்ளல்களும் முறுக்கு முனைகளும் ஒன்றோடொன்று அமுங்கி, அடியில் நெய் கசிந்து குளமாய் நின்றது. சூட்டில் உறையாமல், சாய்த்தால் ஓடியது.

தாயம்மா எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"இம்மாம் நெய்யா தின்னுக்கினு இருந்த, தெனம்?"

"இது ஏழரை வரைக்கும்தான்" என்றான் அய்யாதுரை. "மத்தியானம் வரைக்கும் இருக்கே."

*

சரண்யா எடை போட்டாள். நூற்றெண்பத்திரண்டு கிராம். டாக்டர் ஜெயஸ்ரீ டப்பாவை விளக்கடியில் வைத்துச் சாய்த்து, அந்த நெய் ஓடுவதையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் மன்னிப்பு கேக்கணும். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். வேலையில என்ன பண்றீங்கன்னு கேக்கலை."

டாக்டர்கள் மன்னிப்பு கேட்டு அய்யாதுரை பார்த்ததில்லை. "நானும் பொய் சொல்லலம்மா" என்றான். "எனக்கே தெரியாது."

"தெரியறது. இன்னொரு தேதி தரேன். ஆனா வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் நாக்குல ஒண்ணும் வைக்கக் கூடாது. ஒரு சொட்டுகூட."

"லீவு போட முடியாதும்மா. கல்யாண ஆர்டர் ரெண்டு இருக்கு. நாக்குல வைக்காம சரக்கு போட்டா, சரக்கு கெட்டுப் போகும்."

"அது உங்க தொழில். எனக்குத் தெரியாது. ஆனா வேற வழி இல்லை."

பட்டறைக்குத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். தாயம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைப் பிடுங்கினாள். கேட்டுவிட்டு, "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதானாவா? கண்ணக் கட்டிக்கிட்டு ரோட்டத் தாண்டச் சொல்லுதாங்க."

"ஏன், ஆடி மாசம் எங்க அம்மன் கோயிலுக்கு நீதானே படையல் செஞ்சு குட்த்த? அதிரசம், சக்கரப் பொங்கலு, வடை. அன்னிக்கி நாக்குலயா வச்சுப் பாத்த?"

"அது எப்படி வைக்க முடியும்? சாமிக்குப் படைக்கதுக்கு முந்தி எச்சி பண்ணலாமா? வாயில துண்டக் கட்டிக்கிட்டுல்லா செஞ்சேன்."

"கெட்டுப் பூடுச்சா?"

கெட்டுப் போகவில்லை. நாலு வருடமாகச் செய்கிறான், ஒரு வருடமும் கெட்டதில்லை. ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்றது. சாமி காரியம் என்பதால் அது தன் சாமர்த்தியம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அம்மன் பார்த்துக்கொண்டாள் என்று விட்டிருந்தான்.

மறுநாள் நாலு மணிக்கு வெள்ளைத் துண்டை இரண்டாக மடித்து மூக்குக்குக் கீழே இழுத்துக் கட்டினான்.

"யாருக்கு மாஸ்டர் படையலு?" என்றான் அடுத்த சட்டிக்காரன்.

"கணையத்துக்கு" என்றான் அய்யாதுரை, துண்டுக்குள்ளிருந்து.

முதல் ஈடு மைசூர்பாகு. காதைக் கொடுத்துக் கேட்டான். பொங்கும்போது சட்டி முதலில் படபடவென்று பேசும், அப்புறம் சத்தம் அடங்கிச் சோர்ந்தாற்போல மூச்சுவிடும். அந்த இடத்தில் கரண்டி கனக்கும். மணம் பச்சையிலிருந்து வறுபட்ட வாசத்துக்கு மாறும். அதற்கு மேல் இரண்டு கிண்டு, இறக்கு. இறக்கித் தட்டில் கொட்டினான். வெட்டினபோது உள்ளே தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாய் இருந்தது. தாயம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

இனிப்பு தப்பித்தது. உப்பு காலை வாரிவிட்டது. உப்புக்குச் சத்தமும் கிடையாது, வாசமும் கிடையாது. உப்பைக் கைக்குத் தோன்றினபடி அள்ளிப் போட்டு, நாக்கில் வைத்துச் சரிபண்ணுவது அவன் வழக்கம். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவையும் போட்டிருக்கிறான். பத்து மணிக்கு மணி அடித்தது. கீழேயிருந்து கூடை மேலே வந்தது, முறுக்குத் தட்டோடு. கூடவே அண்ணாச்சியும் படியேறி வந்தார்.

"ஏல அய்யாதுரை, என்னல இது? உப்பளத்துல பிழிஞ்சியா? இருவத்தாறு வருசத்துல ஒன் சட்டிச் சரக்கு திரும்பி வந்து நான் பாத்ததில்லயே!" பிறகுதான் துண்டைப் பார்த்தார். "வாயில என்னது?"

அய்யாதுரை வாயைத் திறந்தான். சர்க்கரை என்று சொன்னால் அடுத்த கேள்வி ஊசியா என்று வரும். அதற்குள் தாயம்மா குறுக்கே விழுந்தாள்.

"பல்லு வலி அண்ணாச்சி. தாடை வீங்கிக்கினு கீது பாவம். பேசவே முடியல."

அண்ணாச்சி முகம் இளகிற்று. "கிராம்புத் தைலம் வைலே. வெறும் துண்டு கட்டினா கேக்குமா?" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

"அறிவிருக்கா ஒனக்கு?" என்றான் அய்யாதுரை.

"உண்மைய சொல்லி குடோனுக்குப் போறியா? போ. நான் இன்னாத்துக்கு வேணாங்கறேன்."

அன்று வேலை முடிந்ததுமே தராசை எடுத்து வைத்தான். ஒரு கிலோ மாவுக்கு உப்பு எவ்வளவு என்று இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நிறுத்துப் பார்த்து, சுவரில் கரியால் எழுதினான். அதற்குப் பிறகு தட்டு எதுவும் திரும்பி வரவில்லை.

*

மூன்றாவது தடவை குழாய் தெளிந்தது. சரண்யா அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, "அண்ணா, இங்க பாருங்க, அந்தப் பக்கம் மரம் தெரியுது!" என்றாள். சொந்தத் தம்பி பாஸானது போல ஒரு சிரிப்பு.

அன்றைக்குச் சர்க்கரைத் தண்ணீர். அரை மணிக்கு ஒரு குழாய் இரத்தம் என்று மூன்று மணி நேரம். பட்டறையில் அவன் துண்டை அவிழ்க்கவே இல்லை. அடுத்த வாரம் அதே தண்ணீரோடு ஒரு டம்ளர் உருக்கின நெய். டம்ளரைக் கையில் வாங்கினவன், வாய்க்குக் கொண்டு போகாமல் மூக்கருகே வைத்தான்.

"இந்த நெய்ய உருக்குனவன் ஒரு கொதி முந்தியே எறக்கிட்டான். டின்னத் தொறந்து ரெண்டு மாசம் இருக்கும்."

"குடிக்காமலே தெரியுதா?"

"தெரியுதே" என்றான் அய்யாதுரை. அவனுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். வாழ்க்கையில் நெய்யைத் தெரிந்து குடித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஜெயஸ்ரீ கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம். அதில் மேடும் பள்ளமுமாய் இரண்டு கோடு.

"இது வெறும் சர்க்கரைத் தண்ணி. கொஞ்சம் லேட்டா, சோம்பலா எழுந்திருக்கு. ஆனா எழுந்திருக்கு. இது நெய்யோட. பாருங்கோ, இன்னும் கூட விட்டிருக்கு."

"அப்ப நெய் நல்லதா?"

"நெய் உள்ள போனா குடல் ஒரு சேதி அனுப்பும், கணையம் கொஞ்சம் கூடவே விடும். அது ஒரு வேளைக்கு. நாள் பூரா, வருஷம் பூரா கொழுப்பு இரத்தத்துல நின்னுண்டே இருந்தா, அந்த செல்லெல்லாம் ஓஞ்சு போயிடும். அதே கணையம்தான் சர்க்கரையை ஏத்தற இன்னொரு சுரப்பையும் விடறது. சாப்பிட்டா அது அடங்கணும். உங்களுக்கு அது அடங்கலை."

அய்யாதுரை காகிதத்துக் கோடுகளை விரலால் தடவினான். "பெல்லு மாதிரி" என்றான்.

"என்னது?"

"கீழ கவுண்டர்ல தட்டு காலியானா பெல் அடிப்பாங்க, நாங்க சரக்கு எறக்குவோம். ஒரு தீவாளிக்குப் புதுசா வந்த பய பெல்லுல முதுகச் சாய்ச்சு நின்னுட்டான். விடாம அடிச்சுக்கிட்டே கெடந்தது. கொஞ்ச நேரத்துல மேல ஒருத்தனும் காதுல போட்டுக்கல. நெசமாவே தட்டு காலியானப்பவும் ஒருத்தனும் எந்திரிக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான். இப்போ பெல்லை விட்டு முதுகை எடுத்திருக்கீங்க. ஆளுங்க இன்னும் உள்ளதான் இருக்கா."

"அப்ப ஊசி?"

"இப்போதைக்கு வேண்டாம்னு உங்க டாக்டருக்கு எழுதித் தரேன். எப்பவுமே வேண்டாம்னு எழுத மாட்டேன். ஒரு வருஷம் தள்ளலாம், மூணு வருஷம் தள்ளலாம். ஆனா ஏன் ஊசின்னா இப்படி பயப்படறீங்க?"

முருகனைச் சொன்னான். எண்ணெயில் விழுந்ததை, லேபிள் ஒட்டுவதை, அண்ணாச்சி போட்ட சட்டத்தை. டாக்டர் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு ஊசி போட்டுண்டு அவர் சாப்பிட்டாரா?"

அய்யாதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

சாப்பிடவில்லை. எட்டு மணிக்கே முருகன் கேட்டான்: "மாஸ்டர், ரெண்டு இட்லி தின்னுட்டு வந்துர்றேன்." மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அய்யாதுரைதான் சொன்னான்: "இந்த ஈட்ட முடிச்சிட்டுப் போடே." அந்த ஈடு முடிந்து அடுத்த ஈடு. மூன்று வருடமாக அந்த வாக்கியத்தை யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஊசிதான் தள்ளிவிட்டது என்று அண்ணாச்சி சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டினவர்களில் முதல் ஆள் அவன்.

"ஊசி போட்டுண்டு பட்டினி கிடந்தா யார் வேணா விழலாம்" என்றார் டாக்டர். "ஊசி மேல தப்பில்லை."

அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆசைப்பட்ட காகிதம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

*

மறுநாளும் துண்டு கட்டித்தான் நின்றான். எட்டரைக்கு அண்ணாச்சி மேலே வந்தார்.

"என்னல, ஒரு மாசமா பல்லு வலி? புடுங்கிப் போட வேண்டியதுதான?"

தாயம்மா வாயைத் திறந்தாள். அய்யாதுரை கையைக் காட்டி அடக்கினான். துண்டைக் கீழே இறக்கினான்.

"பல்லு இல்ல அண்ணாச்சி. சுகர். நாக்குல ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசமா பதமே பாக்காமத்தான் சரக்கு எறக்குதேன். உப்பு முறுக்கு ஒண்ணு தவிர எதாவது திரும்பி வந்துச்சா?"

அண்ணாச்சி அவனையும் சுவரிலிருந்த கரிக் கணக்கையும் பார்த்தார். "ஊசி போடுதியா?"

"இன்னும் இல்ல. ஒரு நாள் போட வேண்டி வரும். வந்தா சொல்லுதேன், மறைக்க மாட்டேன்." கரண்டியைச் சட்டி ஓரத்தில் வைத்தான். "இன்னொண்ணும் சொல்லணும். முருகன் விழுந்தது ஊசியால இல்ல அண்ணாச்சி. பசியால. இட்லி திங்கப் போறேன்னு கேட்டான். ஈட்ட முடிச்சிட்டுப் போன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."

அண்ணாச்சி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். உடைத்தார். மெதுவாகத் தின்றார். முழுக்கத் தின்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சட்டி காயுது. வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"போச்சு" என்றாள் தாயம்மா. "வாயக் குட்த்து வம்ப வாங்கிக்கினியே. நாளைக்கி குடோன்ல லேபிள் ஒட்டு."

அய்யாதுரை துண்டைக் கட்டிக்கொண்டான். அன்று முழுக்க மணி அடிக்கும்போதெல்லாம் அவன் படிக்கட்டைப் பார்த்தான். கீழே வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தான். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணி. மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, நீளமாக.

தாயம்மா படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்தினாள். "இன்னா சரக்குபா?"

கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல்: "சரக்கு இல்ல. இட்லி வந்திருக்கு. எல்லாரும் அடுப்ப அணைச்சிட்டு வாங்கலே. தின்னுட்டு அப்புறம் பத்த வைக்கலாம்."

ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்தபோது பட்டறை காது அடைத்தாற்போல் ஆயிற்று.

கீழே குடோனில், லேபிள் மேசை மேல் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. முருகன் ஒரு பொட்டலத்தை மடியில் வைத்து, நூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அய்யாதுரை துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முருகன் முன்னால் வைத்தான்.

"தின்னுடே" என்றான். "ஈடு கெடக்கட்டும்."